ஐந்து சரணமும் இருக்கட்டும்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. போனிலேயே பேசியிருப்பேன்; பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய பாட்டு வந்தது. மற்ற நாலு மொழிச் சரணங்களையும் எடுத்துவிட்டு நம் மொழியில் மட்டும் பாடினால்தான் வெளியிடுவேன் என்று பாட்டுக் கம்பெனிக்காரர் சொன்னதையும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதியிருந்தாய். என்னிடம் யோசனை வேறு கேட்டிருக்கிறாய். எட்டாவது தாண்டாத கிரேன் ஓட்டுநரிடம் பாட்டைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

உன் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "நம்ம மொழியில மட்டும் பாடினா நமக்கும் முழுசாப் புரியும்ல? அந்தாளு நல்லதுதானே சொல்றாரு" என்றாள். எனக்கும் அதே ஆசைதான். பாலம் கட்டுகிறேன் என்று ஊர் ஊராக உங்களை இழுத்துக்கொண்டு திரிந்தேனே தவிர, எந்த ஊர் மொழியிலும் 'தூக்கு', 'இறக்கு', 'நிறுத்து', 'டீ' தாண்டி எனக்கு ஒன்றும் ஏறவில்லை. காய்கறிக் கடையில்கூட 'இறக்கு, இறக்கு' என்றுதான் பேரம் பேசுவேன். நீயோ, லாரியிலிருந்து பாத்திரம் இறங்கி முடிவதற்குள் தெருப் பிள்ளைகளோடு சண்டை போட்டு ராசியும் ஆகியிருப்பாய்.

நேற்று மதியம் வேலையிடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உன் பாட்டைப் போட்டேன். யார் பாடுவது என்று சொல்லவில்லை. முதல் சரணம் தன் மொழியில் கேட்டதுமே சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "இது எங்க ஊருப் பொண்ணு" என்றார். அடுத்த சரணத்தில் வெல்டர் எழுந்துவிட்டார். "காது என்ன அடகுலயா இருக்கு? இது எங்க தெருவுல விளையாடின குரல்யா!" என்று ஒரே சத்தம். இரண்டு பேரும் எங்களோடு வேலை செய்தே நம் மொழி பழகியவர்கள். சண்டைக்கு வேண்டிய அளவு நன்றாகவே பழகியிருக்கிறார்கள். "சும்மா இருங்கப்பா, அவ என் மக" என்றேன். கூடமே சிரித்தது. "அண்ணே, நீங்க விசிலடிச்சாலே சுருதி சேராது, உங்களுக்கா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் வெல்டர். நாம் மூவரும் இருக்கும் போட்டோவைக் காட்டினேன். "நல்லவேளை, அம்மா ஜாடை" என்று சமையல்காரர் பெருமூச்சு விட்டார்.

பிறகு அந்தந்த மொழிக்காரர்கள் ஆளுக்கொரு சரணமாக அர்த்தம் சொன்னார்கள். நாலிலும் ஒரே கேள்விதானாமே! 'என்னையும் ஆட்டத்துல சேர்த்துக்குவீங்களா?' என்று அந்தந்த ஊர்ப் பிள்ளைகளின் மொழியில் கேட்கிறாயாம். தட்டை ஓரமாக வைத்துவிட்டேன். நீ கேட்டுத்தான் சேர்ந்தாய் என்பது எனக்குத் தெரியாது, வாயாடி. என் மகள் போன இடத்தில் தானாக ஒட்டிக்கொள்வாள் என்றல்லவா இத்தனை வருஷமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதுதான் நம் மொழியில். 'அம்மா, சேர்த்துக்கிட்டாங்கம்மா!' என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடி வருகிறாய். அதை மட்டும் வைத்துக்கொண்டால், தெருவுக்கே போகாமல் திரும்பி வந்த மாதிரி இருக்காதா? வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னேன். பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அப்புறம், "அந்தாளுக்கு முடியாதுன்னு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே வெட்டாதே. இந்தக் கம்பெனி போனால் போகட்டும். வேறு யாரும் வராவிட்டால் எங்கள் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. கைதட்ட ஆள் உண்டு, சண்டை இலவசம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஐஸ் தண்ணீரைத் தொடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்களே உனக்கு அமையட்டும்.

இன்னொன்று. கடைசிச் சரணத்தில் அம்மாவை மட்டும்தான் கூப்பிடுகிறாய். அந்த நேரத்தில் நான் கிரேன் மேல் இருந்திருப்பேன், வாஸ்தவம்தான். இருந்தாலும், ஒரே ஒரு தடவை 'அப்பா' என்றும் கூப்பிட்டுப் பார். மெட்டு இடிக்குமென்றால் விட்டுவிடு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

என்றும் உன்
அப்பா