புகைபோக்கிப் பைரிகள், முடிச்சூர் ரோடு

12 பிப்ரவரி 2006, ஞாயிறு

பனி. ஏழு மணிவரை புகைபோக்கியே தெரியவில்லை. தெரிந்தபோது பெரியவள் படுத்திருந்தாள், வால் நுனி மட்டும் வெளியே. நேற்றும் அப்படியேதான். முட்டை வைத்துவிட்டாள். எத்தனை என்று இங்கிருந்து தெரியாது.

மூடிக் கிடக்கும் பாக்டரியின் புகைபோக்கி. இரும்பு ஏணி முடிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் திட்டு, செங்கல் உதிர்ந்து குழியான மூலை. அதுதான் பைரிகளின், புறா அடித்துத் தின்கிற இந்த வல்லூறுகளின், வீடு. எங்கள் மாடிக்கு நேர் எதிரே. நடுவில் லாரி ஷெட், ரெண்டு காலி மனை.

சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. ஆண் யார் என்று தெரிந்ததிலிருந்து.

போன வாரம் எங்கள் தண்ணீர் டேங்க் மேலேயே வந்து உட்கார்ந்தான். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். இடது காலில் நடுவிரல் இல்லை. அவனேதான். ரெண்டு வருஷம் முன்னால், பறக்கப் பழகின புதிதில், மாஞ்சா நூலில் சிக்கி லாரி ஷெட் கூரையில் தொங்கினவன். விரல் அறுந்து தோலில் ஆடிக்கொண்டிருந்தது, நான்தான் வெட்டி எடுத்து மருந்து போட்டேன். அட்டைப்பெட்டி, கோழி ஈரல், தம்பி சேகரின் திட்டு, எல்லாம் ஒரு மூன்று நாள். விட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

பெரியவள் பெற்ற பிள்ளை. இப்போது அவளுக்கே ஜோடி.

19 பிப்ரவரி, ஞாயிறு

லேப் லீவு, இன்று ரத்தம் எடுக்கிற வேலை இல்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது. ரெண்டு குடம் தண்ணீர் பிடித்து மேலே கொண்டுவந்தேன். பிறகு பைனாகுலர்.

மறந்துபோகாமல் இருக்க வம்சத்தை எழுதி வைக்கிறேன்.

கிழவி. திரிசூலம் மலையில் கல்குவாரிப் பாறையில் இருந்தவள். வெடி வைத்து வைத்துப் பாறையே இல்லாமல் போக, புகைபோக்கிக்கு வந்தாள்.
பெரியவள். கிழவியின் மகள், இங்கே பொரித்தவள். பிடரியில் ஒற்றை வெள்ளை இறகு. உதிர்ந்து முளைத்தாலும் வெள்ளையாகவே முளைக்கும்.
அவள் ஜோடி, போன நவம்பர் மழையோடு காணோம்.
பிள்ளைகளில் ஒன்று கரண்ட் கம்பியில் பட்டுச் செத்தது. ஒருத்தியைப் பள்ளிக்கரணை குப்பைமேட்டுப் பக்கம் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை. மீதி எங்கே போச்சோ.
ந. (நடுவிரல் இல்லாதவன்).

அவ்வளவுதான். தாள் பாதி கூட நிரம்பவில்லை.

வெளியிலிருந்து ஓர் ஆண் வரக்கூடாதா? எங்கிருந்து வரும். மலையெல்லாம் ஜல்லியாகிவிட்டது. அந்த ஜல்லியைத்தான் சேகர் கடையில் லோடு லோடாக விற்கிறான். அந்தக் காசில்தான் எனக்கும் சோறு.

லதா (சேகர் மனைவி) கீழே யாரிடமோ போனில்: "புள்ளை குட்டின்னு இருந்திருந்தா அண்ணி இப்டி மாடியே கதின்னு நிப்பாங்களா? பாவமா இருக்கு. ஆனா எரிச்சலாவும் இருக்கு."

சரியாகத்தான் சொன்னாள்.

5 மார்ச், ஞாயிறு

சேகரின் "கலெக்டர்" திரும்பவில்லை. பந்தயப் புறா. ஊர் தாண்டிக் கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேருவதால் அந்தப் பெயர் என்பான். எப்படி என்று கேட்டால் சிரிப்பான். இன்று காலை சும்மா ஒரு சுற்று பறக்க விட்டான், மற்றதெல்லாம் இறங்கியது, அது மட்டும் இல்லை.

நான் பார்த்தேன். சொல்லவில்லை. ந. மேலேயிருந்து அதன்மேல் பாய்ந்து விழுந்தான், ஒரு சத்தம், காற்றில் கொஞ்சம் இறகு.

மத்தியானம் சேகர் மாடிக்கு வந்து நின்றான். கூண்டுக் கதவைத் திறப்பான், மூடுவான்.

"உன் பருந்துதானே?"

"பருந்து இல்ல, பைரி."

"எந்த எழவோ ஒண்ணு. அத எங்கையால வளத்தேன்க்கா. குஞ்சுல வாய்ல ஊட்டி வளத்தேன்."

கண் கலங்கியிருந்தது. நாற்பது வயது ஆள். அவன் சொல்வதும் பொய்யில்லை. நானும் ந.-வுக்கு ஈரல் ஊட்டினவள்தான்.

சாயங்காலம் பாபு வந்தான். செம்பாக்கத்துக்காரன், புறாக்காரர்களில் பெரிய ஆள். அவனுக்கு ஆறு புறா போச்சாம். "வுட்டா சீசனே காலி மச்சான்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

18 மார்ச்

குஞ்சு! ஒன்றே ஒன்று. வெள்ளைப் பஞ்சு உருண்டை. பெரியவள் கிழித்துக் கொடுக்கிறாள், அது வாயைத் திறந்துகொண்டு ஆடி ஆடி விழுகிறது.

மற்ற முட்டைகள் கூமுட்டை போலிருக்கிறது. ரெண்டு நாளாக ஒன்றைக் காலால் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். போன வருஷம் மூன்று குஞ்சு. தாயும் மகனும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகுமா, இல்லை புறாக்கள் தின்கிற தானியத்தில் மருந்தா, யாரைக் கேட்பது.

லேப்பில் இன்று கூட்டம். பாஸ்டிங் சுகர் வரிசை வாசல்வரை. ஒரு பாட்டியின் நரம்பு கிடைக்காமல் நாலு தடவை குத்தினேன். "பரவால்லமா, நீ சாப்டியா?" என்றாள். சாப்பிடவில்லை. காலையில் குஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

2 ஏப்ரல், ஞாயிறு

புழுக்கம். தேர்தல் ஆட்டோ விடியும் முன்பே கத்துகிறது.

பாக்டரி காம்பவுண்டில் ஆட்கள். முக்காலி வைத்து அளக்கிறார்கள், சுண்ணாம்புக் கோடு. பால் வாங்கப் போகிற சாக்கில் போய், அளக்கிறவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஐ.டி. பில்டிங் வருது மேடம். பன்னெண்டு மாடி."

"சிம்னி?"

"அதான் முதல்ல. எலெக்ஷன் முடியட்டும்."

மேலே கூடு இருக்கிறது, குஞ்சு இருக்கிறது என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். மரியாதையானவர்தான். "அதுங்க வேற எங்கனா போயிடும் மேடம்" என்றார்.

குஞ்சு அதற்குள் பறந்துவிடும். அதுவரை போதும். அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்து என்ன.

9 ஏப்ரல், ஞாயிறு

குஞ்சுக்குப் பஞ்சு உதிர்ந்து பழுப்பு இறகு. திட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறது. பெண் என்று நினைக்கிறேன், பெரிய பாதம். பிடரியில் ஏதாவது வெளுப்பு இருக்கிறதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். தெரியவில்லை.

பெரியவளும் இப்போது வேட்டைக்குப் போகிறாள். ந. ஒருவனால் முடிவதில்லை.

பாபு மறுபடி வந்திருந்தான். நான் படி இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. லதா மூன்று டம்ளர் காபியோடு வாசலிலேயே நின்றாள், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி.

15 ஏப்ரல், சனி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

காலை லேப் கிளம்பும்போது ஒரு தரம் பார்ப்பேன். பெரியவள் திட்டின் மேல் ஒரு மாதிரி நின்றாள், இறக்கை தொங்க. தலை பின்னால் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் பாதி தின்ற புறா. குஞ்சும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கத்துகிறதோ என்று நினைத்தேன். சத்தமே இல்லை.

பிறகு பெரியவள் விழுந்தாள். பறக்கவில்லை. கல் மாதிரி விழுந்தாள்.

லாரி ஷெட் வழியாக ஓடினேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். "வலிப்பு வந்துச்சா மேடம் அதுக்கு? இப்டி இப்டி இழுத்துகினு இருந்துச்சு." புல்லில் கிடந்தாள். இன்னும் சூடு. வாயில் நுரை. துப்பட்டாவில் சுற்றினேன். இத்தனை வருஷத்தில் அவளைத் தொட்டதில்லை. இவ்வளவு லேசாக இருப்பாள் என்று நினைக்கவில்லை.

பிடரியில் வெள்ளை இறகு இருந்தது.

லேப் டாக்டரிடம் கொண்டுபோனேன். மேஜையில் வைக்காதே என்றார். "பறவைக்கெல்லாம் இங்க டெஸ்ட் கிடையாதும்மா. பூச்சி மருந்து வாசனை அடிக்குது, வேற என்ன தெரியணும் உனக்கு?"

வேறொன்றும் தெரிய வேண்டாம்.

காலி மனையில் புதைத்தேன். சாயங்காலம் திட்டில் அசைவில்லை. குஞ்சின் ஒரு இறக்கை மட்டும் விளிம்பில் தெரிகிறது, காற்றடித்தால் ஆடுகிறது.

17 ஏப்ரல்

கேட்டேன். சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் மருந்து தடவலக்கா."

"பின்ன?"

"பாபுதான் தடவி வுட்டான். புறா மட்டும்தான் என்னுது. ஒத்தக் கண்ணு போன கிழடு ஒண்ணு இருந்துச்சே. எப்டியும் சாவறது தானே."

"மருந்த ரெக்கைக்கு அடியிலயா தடவினீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மேல குஞ்சு இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? நான்தானே சொன்னேன்."

"ஆம்பளைதான் மாட்டும்னு நெனச்சோம்க்கா. புடிக்கிறது அதானே. பொம்பளை உக்காந்துகினு தானே கீது. குஞ்சு சாவணும்னு யாரு நெனச்சா?"

கத்த நினைத்தேன். வாயில் வந்தது, "ஆறிப்போச்சு, சாப்பிடு." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அவனிடம் சொல்கிற வார்த்தை அது.

லதா எனக்கும் தட்டு வைத்தாள். சாப்பிட்டேன். போவதற்கு வேறு வீடு இல்லாதவள் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

19 ஏப்ரல்

ந. இன்னும் இரை கொண்டுவருகிறான். காலையில் ஒரு மைனா, சாயங்காலம் ஏதோ சின்னது. திட்டில் வைப்பான். கூப்பிடுவான். ரெண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். பறந்துபோய்ச் சுற்றிவிட்டு மறுபடி வருவான். வைத்தது வைத்தபடி. காக்காய்கள் கண்டுபிடித்துவிட்டன.

நான்காவது நாள்.

இவன் புரிந்துகொண்டால் தேவலை. புரிந்துகொண்டாலும் எங்கே போவான். போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள்.

20 ஏப்ரல், வியாழன்

லீவு போட்டேன். தலைவலி என்று சொல்லி.

ஆறரை மணிக்கு மாடியில் நிற்கும்போது சேகர் வந்தான். கூண்டைத் திறக்க வந்தவன், திறக்காமல் என் பக்கத்தில் நின்றான். மூன்று நாளாகப் பேச்சில்லை. கையை நீட்டினான். பைனாகுலரைக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை.

ரொம்ப நேரம் பார்த்தான்.

"யாருக்குக்கா கொண்டாந்து வைக்குது?"

திட்டில் காக்காய்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"அதுக்குத் தெரியாதா செத்துப்போச்சுன்னு?"

"தெரியல."

பைனாகுலரை இறக்கினான். முகம் கலெக்டர் போன அன்றைக்கு இருந்த மாதிரி. "இன்னொண்ணு கீதுக்கா. வெள்ளைப் புறா. ஆம்பளைக்குன்னு பாபு மருந்து தடவி ரெடி பண்ணி வச்சுகினு கீறான். வேணாம்னு சொல்லிட்றேன். இப்பவே சொல்லிட்றேன்."

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. அப்புறம் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு செம்பாக்கத்துக்குப் போனான். எனக்கு ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், நெஞ்சு லேசாக இருந்தது.

திரும்பி வந்தவன் ஹெல்மெட்டோடு மாடிப்படி ஏறினான். "வெடியக்காலைலயே வுட்டுட்டானாம்க்கா. நம்ம பக்கமாத்தான் வந்துச்சாம்."

ரெண்டு பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். லதா கீழேயிருந்து டிபனுக்குக் கூப்பிட்டாள். யாரும் போகவில்லை.

டேங்க் பக்கம் சத்தம். நிமிர்ந்தால், ந. எப்போது வந்தானோ. காலடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிய்க்கிறான். இறகு காற்றில் வந்து கொடித் துணியில் ஒட்டுகிறது. வெள்ளை.

கை தட்டினேன். கத்தினேன். சேகர் செருப்பைக் கழற்றி எறிந்தான், "போ! அத வுட்டுட்டுப் போ!" தொண்டை கிழியக் கத்துகிறான். பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. ந. எங்களைப் பார்த்தான். பயப்படவில்லை, என்னைப் பார்த்து அவன் பயந்ததே இல்லை. இரண்டாவது செருப்பு டேங்கில் பட்டதும்தான் எழும்பினான்.

விடவில்லை. புறாவைக் காலில் தூக்கிக்கொண்டு நேராகப் புகைபோக்கிக்குப் போய் திட்டில் வைத்தான். கூப்பிட்டான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தானே தின்ன ஆரம்பித்தான்.