அலுமாரிக்கு விட்ட இடம்

உ
கொட்டாஞ்சேனை,
14-8-1938

அன்புள்ள மகள் கௌரிக்கு,

அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, தைப்பிங்கில் நீயும் மருமகனும் அதுபோலவே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் கேட்டுக்கொண்டு வருகிறேன். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா அதை மூன்று தரம் வாசித்தார், முதல் தரம் தனக்குள்ளே, இரண்டாம் தரம் எனக்குக் கேட்க, மூன்றாம் தரம் முன்வீட்டு மாஸ்டரைக் கூப்பிட்டு இருத்திவைத்து. எனக்கு வாசித்ததைவிட மாஸ்டருக்கு வாசித்தபோது குரல் நன்றாயிருந்தது. "அன்புள்ள அப்பாவுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும்" என்று தொடங்கியிருந்தாய். அப்பாவைத் தவிர இந்த வீட்டிலுள்ளது நான் ஒருத்திதான், பூனையைச் சேர்த்தால் இரண்டு பேர். குறையாக எழுதவில்லை, ஒன்பது வயது மூத்த ஒருத்தியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று உனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்தமுறை பதில் என் கையால் வருகிறது. அப்பாதான் எழுதச் சொன்னார், ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளவத்தைக் காணியில் அத்திவாரம் வெட்ட ஆவணி இருபத்தேழாம் திகதி நாள் வைத்திருக்கிறது. காணி உன் அம்மாவின் சீதனம், இப்போது உன்னுடையது. நீங்கள் மலாயாவை விட்டு வரும்வரை நாங்கள் அந்த வீட்டில் இருப்போம், வந்தபிறகு பெரிய அறை உங்களுக்கு. ஆகவே நான் எழுதப்போகிற இந்த அறை என்னுடையது அல்ல என்பது தெரிந்துகொண்டே எழுதுகிறேன். ஜம்பட்டா வீதி வலன்ரைன்தான் வீட்டுக்குப் படம் கீறுகிறார். அவர் கீறிய முதல் படத்தில் பெரிய அறை பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம், மேற்கே கடற்காற்றுக்கு ஜன்னல், தெற்கே தலைவைத்துப் படுக்கிறமாதிரிக் கட்டில். வடக்குப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் அறையோடு சேர்ந்த குளியலறையும் கக்கூசும், மற்றப் பாதியில் சுவருக்குள் பதிந்தாற்போல் அலுமாரிக்கு ஐந்தரை அடி இடம். அந்தக் குளியலறைக்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு இரண்டு மாதம் சென்றது. "படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலை கக்கூசோ? உது வெள்ளைக்காரன்ர பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆண்களுக்கு விளங்காது, உனக்கு விளங்கும். இங்கே பைப்படியில் ஐந்து வீட்டுக்கும் ஒரு தகர மறைப்புத்தானே, அதுவும் தோள் மட்டும். குறுக்குக்கட்டோடு நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் பக்கத்து வீட்டு றோசலின் மற்றவர்களைப் பார்த்து, "பீ.ஏ. குளிக்க வாறா, வழியை விடுங்கோடி" என்பாள். எங்கள் வீட்டில் புத்தகம் பிடித்த முதல் ஆள் நான், புறக்கோட்டைக் கடையில் மூட்டைக்குக் குறி எழுதிய மனிதனின் மகள், அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்ததே பைப்படியில் பகிடி பண்ணத்தான் என்று சில நாள் நினைப்பேன். போன மாதம் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து நாகேஸ்வரி ரீச்சர் வெள்ளவத்தையில் கட்டிய புதுவீட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா. அவவின் படுக்கையறையோடு ஒரு குளியலறை, வெள்ளை ஓடு பதித்தது. கைகழுவப் போகிறேன் என்று உள்ளே போய்க் கதவுக்குக் கொண்டியைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, வெளியிலிருந்து அவ கதவைத் தட்டி, "நேசம், வயித்துக்கு என்னவும் செய்யுதோ?" என்று கேட்டபிறகுதான் வந்தேன். அன்றைக்கு அவவோடு முகம்கொடுத்துக் கதைக்க மனம் வரவில்லை.

இனி அலுமாரி. உன் அம்மாவின் அலுமாரி இங்கே எங்கள் அறையில் கட்டிலுக்கு நேரே நிற்கிறது, நீ பூட்டிவிட்டுப் போனபடியே. சாவி உன் பெட்டிக்குள் தைப்பிங்கில் இருக்கிறது. என் சேலைகள், நான் கலியாணமாகி வந்த இந்த மூன்று வருடமாக, றங்குப்பெட்டியில்தான். வெள்ளிக்கிழமைகளில் அப்பா துணியில் எண்ணெய் தொட்டு அதைத் துடைக்கிறார், மேலேயிருந்து கீழே, ஒரு மூலை விடாமல். அவர் வேறு எந்தத் தளபாடத்தையும் துடைத்து நான் பார்த்ததில்லை. அதன் கதவில் வெளிப்பக்கமாக ஆணியடித்துப் பொருத்திய கண்ணாடி உன் அம்மாவின் உயரத்துக்கு வைத்தது, நான் அதற்கு முன்னால் நின்றால் பொட்டும் வகிடும் மட்டும் தெரியும். மூன்று வருடமாக அந்தக் கண்ணாடியில் என் முகத்தை நான் பார்த்ததில்லை, கைக்கண்ணாடியில்தான் முகம் பார்க்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருநாள் அப்பா கந்தோருக்குப் போனபிறகு சாவித்துவாரத்தில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். பூச்சியுருண்டை மணம்தான், வேறொன்றும் இல்லை. உன் அம்மா, அன்னபாக்கியம் அக்கா, நல்லவ என்று எல்லோரும் சொல்லுகிறார்கள், பைப்படியில் அவவைப் பார்த்து ஒருத்தியும் பகிடி விட்டதில்லையாம். நல்லவ இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. புதுவீட்டுப் படத்தை அப்பா விரித்து, வேறெதையும் பார்க்காமல், அலுமாரி நிற்கிற இடத்தில் விரலை வைத்து, "இதிலை வடிவாய் நிக்கும்" என்று சொன்னபோது, புதுச்சுவரிலும் அவவுக்குத்தான் முதலில் இடம் விட்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதுகிறேன். வலன்ரைன் இரண்டாந்தரம் படம் கொண்டுவந்தபோது அப்பா வீட்டில் இல்லை. நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அலுமாரிக்கு நாலரை அடி போதும், ஐயா அளந்ததில் பிழை, நான் திரும்ப அளந்து பார்த்தேன், மிச்ச ஒரு அடியைக் குளியலறைக்குச் சேருங்கள் என்றேன். அளந்தது உண்மைதான், சாணால் அளந்தேன். அதன் அகலம் ஐந்தடி நான்கு அங்குலம் என்று தெரிந்துகொண்டுதான் நாலரை என்றேன். குளியலறைக்கு ஒரு அடி வேண்டும் என்பது சாட்டு. அலுமாரி அந்த இடத்தில் கொள்ளக்கூடாது, வீடு கட்டி முடித்தபிறகு கொள்ளவில்லை என்று கண்டால் வேறெங்காவது வைக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். வலன்ரைன் என்னை ஒருமுறை பார்த்தார். "அம்மா சொன்னால் சரி" என்று பென்சிலால் மாற்றிக் கீறினார்.

போன ஞாயிற்றுக்கிழமை, சுவர் கட்டப்போகிற மேசன் பாஸ் காணியில் முளை அடித்து நூல் கட்டியிருக்கிறார் என்று பார்க்கப் போனோம். அப்பா அலுமாரியின் அகலத்துக்குச் சரியாக ஒரு மூங்கில் தடி வெட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் தடியை ஏற்றவிடமாட்டேன் என்று கொண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட, அதற்கும் ஒரு ரிக்கற் தா என்று அப்பா சிங்களத்திலேயே சொன்னார். கோட்டையில் ரயில் ஏறும்போது தடியைப் பக்குவமாக ஏற்றி, வெள்ளவத்தையில் பக்குவமாக இறக்கினார், நான் என்பாட்டில் ஏறி என்பாட்டில் இறங்கினேன். காணியில் அந்த நூலுக்குள் தடியை வைத்தார். பத்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தார், திருப்பினால் குறையுமா. மேசன் பாஸ், அலுமாரியை வெட்டிவிடுவோமே மஹத்தயா என்று பகிடி விட்டார், அப்பா சிரிக்கவில்லை. வலன்ரைனைப் பார்த்து, "இருவது வரியமாய்ப் படம் கீறுறீர், ஒரு அலுமாரிக்கு இடம் விடத் தெரியாதோ? நான் வேறை ஆளைப் பாக்கிறன்" என்றார். வலன்ரைன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "என்ர கைப்பிழைதான் ஐயா" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதனின் பெயரை என் பொய்க்காக அப்பா கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே நின்றேன், கௌரி.

திரும்பி வரும்போது பம்பலப்பிட்டி ஸ்டேஷன் கழிந்ததும் வாயைத் திறந்தேன், கொள்ளுப்பிட்டியில் சொல்லி முடித்தேன். அப்பா மடியிலிருந்த தடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப வலன்ரைனட்டை நான் மன்னிப்புக் கேக்கவேணும்" என்றார். தடியை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, "அந்த அலுமாரி உமக்கு என்ன செய்தது?" என்று கேட்டார். என் முகத்தை ஒளித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் அவருக்கு விளங்குமா. அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, "சரி, சண்டை வேண்டாம். குளிக்கிற அறையை விடுவம். கிணத்தடி இருக்குத்தானே, ஒரு மறைப்புக் கட்டினால் போச்சு. அலுமாரிக்கு முழு இடமும் வரும்" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட நான் குரல் உயர்த்தினதில்லை, அந்த ரயில் பெட்டிக்குள் உயர்த்தினேன். "உங்களுக்கு ஒரு அலுமாரி வேணும், எனக்கு ஒரு கொண்டி வேணும்! வெளியாலை இருந்து ஒருத்தரும் திறக்கேலாத ஒரு கொண்டி!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் இருந்த ஒரு வயதான முஸ்லிம் முதலாளி பேப்பரைப் பதித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "பொறக்கோட்டைல எங்கட கடைல நல்ல பித்தளைக் கொண்டி ஈக்கிது, வாங்க தொர, கொறச்சுத் தாரன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மாய்ந்துவிடலாம் போலிருந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமல் வந்துவிட்டது.

அடுத்தநாள் காலை வலன்ரைன் வீட்டுக்கு அவரே போய்க் கதைத்துவிட்டு வந்தார். பின்னேரம் கந்தோரால் வரும்போது கையில் ஒரு கடுதாசிச் சுருள், பிரித்தால் பித்தளைக் கொண்டி. உண்மையாகவே போய் வாங்கியிருக்கிறார், கனமான கொண்டி. அதைப் பத்திரமாக வைக்கிறேன் என்று உன் அம்மாவின் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார், எனக்கு எட்டாது. பிறகுதான், "பிள்ளையைக் கேட்டு எழுதும். காணியும் அவளின்ரை, அலுமாரியும் அவளின்ரை. நீர் செய்ததையும் எழுதும்" என்றார். எழுதிவிட்டேன்.

இதோடு மூன்று படம் வைத்திருக்கிறேன். முதலாவது வலன்ரைன் முதலில் கீறியது. இரண்டாவது அப்பா சொன்னது, குளியலறை இல்லை, அந்தப் பக்கம் முழுக்க அலுமாரிக்கு. மூன்றாவது நானே கீறியது, கோடு கோணலாக இருக்கும், வலன்ரைன் பார்த்துச் சரி என்றார். அதில் பெரிய அறையில் ஐந்தடியைக் குறைத்து, படுக்கிற இடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் உடுப்பு மாற்ற ஒரு சின்ன அறை. அலுமாரி அதன் சுவரோடு நிற்கும், வெட்டவும் வேண்டாம் பதிக்கவும் வேண்டாம், கதவு முழுக்கத் திறக்க மூன்றடி இருக்கிறது, அதைக் கடந்து போனால் குளியலறை. கட்டிலிலிருந்து பார்த்தால் அலுமாரி தெரியாது. குளிக்கப் போகும்போதும் வரும்போதும் நான் அதைக் கடந்துதான் போகவேண்டும், அது எனக்குச் சம்மதம். அறை சிறுத்துப்போகும் என்று அப்பா கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், பிள்ளை ஓமென்றால் தனக்கும் ஓமாம். எது என்று அந்தப் படத்தின்மேல் ஒரு புள்ளடி போட்டு அனுப்பு. நாள் கிட்டுகிறது, அடுத்த கப்பலுக்கே போட்டுவிடு.

இன்னொன்று. காலையில் கோப்பி மணம் பிடிக்கவில்லை, மத்தியானத்தில் நித்திரை வருகிறது என்று எழுதியிருந்தாய். அப்பா மூன்று தரம் வாசித்தும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கு ஒருதரம் கேட்டதிலேயே விளங்கிவிட்டது. நான் சொல்லவில்லை, நீயே எழுது, அந்தச் சந்தோஷம் உன் எழுத்தில்தான் அவருக்குப் போகவேண்டும். பாரம் தூக்காதே, வெறுவயிற்றோடு இருக்காதே, அன்னாசியும் பப்பாசியும் வேண்டாம். நடுச்சாமத்தில் எழும்பி முற்றம் கடந்து போகிற வீடு என்று முந்தி எழுதியிருந்தாய், விளக்கில்லாமல் போகாதே, மருமகனை எழுப்பு, எழும்பட்டும்.

கடைசியாக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அலுமாரியின் சாவி உன்னோடேயே இருக்கட்டும், எனக்கு அது வேண்டாம். கண்ணாடியை மட்டும் ஒன்பது அங்குலம் கீழே இறக்கலாமா என்று ஒரு சொல் எழுது. மொறட்டுவைத் தச்சுப் பாஸ் ஒருவரைக் கேட்டேன், கதவைத் திறக்காமலே, கண்ணாடி உடையாமல் இறக்கலாம் என்கிறார். பழைய ஆணித் துளைகளை அடைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ உன் அம்மாவின் உயரம், வரும்போது திரும்ப மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

வயிறும் மனமும் குளிர நீயும் உன் வீடும் நிறைந்திருக்க அம்மன் துணையிருப்பா. புள்ளடி போட மறவாதே.

இப்படிக்கு,
வீட்டிலுள்ளவர்களில் ஒருத்தி,
நேசம்.