இரண்டு புள்ளி, ஒரு கோடு

கிள்ளான்
14 ஜூலை 2024

அன்புத் தங்கை உஷாராணிக்கு,

பெர்த் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அக்கா சந்திரகலா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் நலம்.

வாரா வாரம் வீடியோவில் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கையெழுத்தைப் பார். கோழி கிண்டின மாதிரி இருக்கிறதா? அதைக் காட்டத்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் எழுத்து கோணல் என்று உன் நோட்டைக் கிழித்துத் திரும்ப எழுத வைத்தவள் நான். இப்போது நன்றாகச் சிரித்துக்கொள். ஒரு தடவைதான் அனுமதி.

ஒன்றரை வருஷமாக என் வலது கை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கணக்கு டீச்சரான நான் வெண்பலகையில் சதுரம் போட்டால் முறுக்குப் பிழிந்த மாதிரி வந்தது. தோள்பட்டை வலி என்று பொய் சொல்லி, பிள்ளைகளையே வந்து வரையச் சொன்னேன். தலைமையாசிரியைக்குத் தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசில் ஃபைல் அடுக்க உட்கார வைத்துவிடுவார் என்று பயம். இருபத்தேழு வருஷமாக நிற்கிற இடம் உஷா. அது போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்து யோசித்தே பாதி உயிர் போய்விட்டது.

இந்த நிலைமையில், மாவட்டத்திலிருந்து அதிகாரி பரமேஸ்வரன் என் ஆறாம் ஆண்டு வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று ஜூன் மாதம் தகவல் வந்தது. பக்கத்து வகுப்பு சீதாலெட்சுமி டீச்சரிடம் பாடத்துக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வகுப்புத் தொடுதிரையில் ஒரு வரைபடச் செயலியை ஏற்றிக் கொடுத்தார். ரெண்டு இடத்தைத் தொட்டால் போதும் கலா, கோடு தானா விழும் என்றார். என் கஷ்டம் அவருக்குத் தெரியாது. எனக்குக் கும்பிடு போடலாம் போல இருந்தது.

அன்றைய பாடம் வடிவியலின் முதல் மெய்கோள். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்க்கோடுதான் போகும். இதை நிரூபிக்க வேண்டாம். ஆமாம், இப்படித்தான் என்று ஒப்புக்கொண்டு அதன்மேல் மற்ற எல்லாவற்றையும் கட்ட வேண்டியது. பரமேஸ்வரன் சார் கடைசி வரிசையில் ஃபைலோடு உட்கார்ந்தார். முதல் புள்ளி ஒழுங்காக விழுந்தது. இரண்டாவது புள்ளியை வைத்தேன், கோடும் வந்தது, ஆனால் விரலை எடுப்பதற்குள் கை ஆடத் தொடங்கிவிட்டது. புள்ளி ஆடியது. அதோடு சேர்ந்து அந்தப் பெரிய திரை முழுக்கக் கோடு ஆடியது.

அப்போது மலர்விழி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்டு என் உயிரை வாங்குகிற பிள்ளை அது. டீச்சர், நீங்க எவ்ளோ ஆட்டினாலும் ஒரு கோடுதான் இருக்கு, ரெண்டாவதா ஒன்னு வரவே மாட்டேங்குது என்றாள். நான் வேண்டுமென்றே ஆட்டிக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். வகுப்பே அப்படித்தான் நினைத்தது. நானும் ட்ரை பண்றேன் டீச்சர் என்று ஆளுக்கு ஆள் ஓடி வந்தார்கள். புள்ளியை மேலே இழுத்தார்கள், கீழே இழுத்தார்கள், என்னைவிட மோசமாக ஆட்டினார்கள். ஒருத்தன் ஒரு புள்ளியை இன்னொன்றின் மேலேயே கொண்டுபோய் வைத்தான், கோடு காணாமல் போய்விட்டது. அப்ப ஒரு புள்ளி மட்டும் பத்தாது டீச்சர் என்றான். நான் சொல்லித்தர வேண்டிய எல்லாவற்றையும் அவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள்.

பரமேஸ்வரன் சார் அறிக்கையில், புள்ளியை அசைத்துக் காட்டிய உத்தி மிகச் சிறப்பு என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், அது உத்தி இல்லை மேடம், என் கை என்று நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, அஞ்சாம் ஆண்டுக்கும் அதே மாதிரி ஒரு பாடம் எடுத்துக் குடுங்க லா, முதல்ல டாக்டரைப் பாருங்க என்றார். அவ்வளவுதான் உஷா. இதற்குத்தான் ஒன்றரை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

டாக்டரையும் பார்த்துவிட்டேன். நான் பயந்த பெரிய வியாதி இல்லையாம். குடும்ப வழியில் வருகிற கைநடுக்கமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார், கொஞ்சம் குறைந்திருக்கிறது, வேலை தாராளமாகப் பார்க்கலாம் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் அப்பா ஞாபகம். பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் டீ வாங்கினால், பாதி கிளாஸ் போதும்ணே என்பாரே. கஞ்சன் என்று அம்மா கடைசி வரைக்கும் கேலி செய்தாள். பாவம், சிந்திவிடும் என்றுதான் அவர் பாதியே வாங்கியிருக்கிறார். எவ்வளவு காலம் தனியாகத் தவித்தாரோ.

உஷா, போன ஞாயிறு வீடியோவில் நீயும் கோப்பையில் பாதிதான் டீ ஊற்றிக்கொண்டாய். குடிக்கும்போது போனை வேறு பக்கம் திருப்பினாய். கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலையை விட்டுக் கவுண்டருக்கு மாறியது ரொம்ப வசதி என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீயும் தோள்பட்டை வலி என்றுதான் சொல்லியிருப்பாய்.

டாக்டரைப் போய்ப் பார் கண்ணு. கோப்பை நிறைய ஊற்றிக் குடி, சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். நீ நன்றாக இருப்பாய், அக்கா இருக்கிறேன். எனக்குப் பதில் போட வேண்டும். டைப் அடிக்காதே. எவ்வளவு கோணலாக வந்தாலும் உன் கையாலேயே எழுது. இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா சந்திரகலா