கூறைப்புடவைக்குக் கிடைத்த முதல் பரிசு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
விபவ வருஷம், புரட்டாசி மாதம்

செல்வ மகள் தனலெட்சுமிக்கு உன் அம்மா பவுனம்மாள் ஆயிரம் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே உன் அப்பாவும் தம்பி வாசுவும் நானும் மாரியம்மன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அமெரிக்கா தேசத்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, எஞ்சின் புகையைக் காலமெல்லாம் தின்றால் இருமாமல் என்ன செய்வார், ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார். வாசுவைச் செந்தூல் ரயில் பட்டறையில் எடுத்துக்கொண்டார்கள், சட்டையை வெளுக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இந்த மழையில் ஆற்றுத் தண்ணீர் நம் வரிசை வீடுகளின் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, வேறு சேதம் இல்லை.

உன் கடிதம் வந்தது. வாசுதான் படிக்க ஆரம்பித்தான், புடவை விஷயம் வந்த இடத்தில் அவன் குரல் இறங்கிவிட்டது, நான் பிடுங்கிக்கொண்டு மீதியை நானே படித்தேன். அதற்கு வருகிறேன், முதலில் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு உன்னை ஏற்றிக்கொண்டு போன அந்த மிதக்கும் அரண்மனையின் முதல் வகுப்பைப் பற்றி நீ வாய் பிளந்து எழுதியிருக்கிறாய், எனக்கோ சிரிப்புதான் வந்தது. காலைக்கு ஓர் உடை, வெயிலுக்கு ஓர் உடை, தேத்தண்ணிக்கு ஓர் உடை, ராச்சாப்பாட்டுக்கு வேறு உடையாம், கல்யாணப் பெண்ணைக்கூட நாம் இவ்வளவு படுத்துவதில்லை. கப்பலை ஓட்டுகிற கப்பித்தானோடு ஒரே மேசையில் உட்கார இடம் கிடைக்காத அம்மாமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்களாம், பந்தியில் முந்துவது நம் சனம் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடலுக்கு நடுவே போய், கப்பலுக்குள்ளே ஒரு தொட்டி கட்டி, அதே கடல் தண்ணீரை அதில் இறைத்துவிட்டு, அதற்குள் இறங்கிக் குளித்தால் அது பெரிய இடத்துப் பழக்கமாம். அமெரிக்காவில் குடிக்கக் கூடாது என்று சட்டமாம், அதனால் கரை தெரிகிறவரை மூச்சு முட்டக் குடித்துத் தீர்த்தார்கள் என்றாய், நம் தோட்டத்துச் சனம் சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போனால் மட்டும் இவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். புயல் வந்ததும் அத்தனை பேரும் சுருண்டு படுத்துவிட்டார்கள், பிள்ளைக்கு ஆயாவாக உன்னைக் கூட்டிப்போன துரைசானிக்கு நீதான் சட்டி பிடித்தாய். முதல் வகுப்பு வயிறு எது, மூன்றாம் வகுப்பு வயிறு எது என்று அலைக்கா தெரியும்.

மேல்தட்டில் நின்றுகொண்டு கீழே இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் சில்லறையும் வீசி, அவை விழுந்தடித்துப் பொறுக்குவதைப் பார்த்துக் கைதட்டினார்கள் என்று எழுதினாயே, அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தபோதும் இதே கூத்துதான். மேலே நின்றவர்கள் பிஸ்கட்டை வீசினார்கள். என் பக்கத்தில் இருந்த மாரியாயி ஒன்றைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பூஞ்சணம் புடிச்சதக் கொட்டுறதுக்கு நாங்கதான் கெடச்சமா” என்று மேலேயே திருப்பி எறிந்தாள், அது ஒருவன் தொப்பியில் போய் விழுந்தது. அப்புறம் இறங்குகிறவரை மேலே இருந்து ஒரு துணுக்குக்கூட விழவில்லை. அந்த மாரியாயி இப்போது பண்டமாரானில் மாடு வைத்துப் பிழைக்கிறாள், உன்னை விசாரித்தாள்.

இனி புடவைக்கு வருகிறேன். மருமகப்பிள்ளை காய்ச்சலில் போன பிறகு அந்தக் கூறைப்புடவையை நீ உடுத்தவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை, பெட்டியின் அடியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனாய். அதற்கு நான் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. கப்பலில் மாறுவேஷப் போட்டியாம், துரைசானிக்கு இந்திய மகாராணி ஆகவேண்டும் என்று ஆசையாம், உன் பெட்டியைத் திறக்கச் சொன்னாளாம், நீ மாட்டேன் என்று சொல்லியும் குழந்தைக்குச் சொல்வதுபோல் கன்னத்தைத் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டாளாம். கொசுவத்தைப் பின்னால் வைத்து, முந்தானையைக் குத்தூசியால் தலையில் குத்தி, முகத்திலும் கையிலும் பழுப்புச் சாயம் பூசி, நெற்றியில் உதட்டுச் சாயத்தால் ஒரு பொட்டு. விசிறி பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க நீ. வெள்ளைத் தோல் வெயிலில் கறுத்துவிடக் கூடாது என்று இங்கே குடைக்குள்ளேயே வாழ்ந்த அம்மாள், அங்கே சாயம் பூசிக் கறுப்பாகிறாள். தீர்ப்புச் சொன்ன கிழவர் அவளுக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டு உன் பக்கம் திரும்பி, நீ என்ன வேஷம் போட்டிருக்கிறாய் என்று கேட்டாராம், வேஷம் மிகப் பொருத்தம் என்று அவர்கள் சிரித்து உன் கையில் ஒரு டின் சாக்லேட்டும் கொடுத்தார்களாம். தனம், இந்த இடத்தை நான் படித்ததும் உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அழவில்லை. ஒரு பெண்ணுக்கு எதிரே நின்று அவள் பெண்தானா வேஷமா என்று கேட்கிறவனுக்கு முதல் வகுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள், முதலில் அவன் கண்ணைப் பரிசோதித்துவிட்டு ஏற்றியிருக்கலாம்.

ஆடிப் பாடி முடிந்த பிறகும் புடவையைத் திருப்பித் தராமல், என் வெற்றியின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அவள் அலமாரியில் வைத்துக்கொண்டதையும் படித்தேன். அதைவிடப் பெரிது கடைசியில் இருந்தது. துரைசானி அமெரிக்காவில் தன் தகப்பன் வீட்டிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கப்போகிறாள், நீயும் இருக்கவேண்டும், முடியாது என்றால் லண்டனில் ஆயாமார் தங்கும் விடுதிக்குக் கப்பல் ஏற்றிவிடுவேன், அங்கிருந்து உன் பாட்டைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள் என்றாய். அதை எழுதிவிட்டு, அம்மா கவலைப்படாதே, நான் சமாளித்துக்கொள்வேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். எதைச் சமாளிப்பாய்?

துரைசானியின் புருஷனையே நேரில் போய்க் கேட்கிறேன் என்றேன். அப்பா, “வெள்ளக்காரன்கிட்டப் போயி என்னத்தப் பேசுவே, கேட்டுல நிக்கவச்சே அனுப்பிருவான்” என்றார். நிற்கவைத்தால் நிற்கிறேன் என்று மறுநாள் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனேன், அங்கிருந்து மாட்டு வண்டியில் ரப்பர் பால் வாடை அடிக்கிற அந்தக் கித்தாத் தோட்டத்துக்கு. உனக்குத் தெரிந்த அதே சமையல்கார வேலாயுதம்தான் பங்களாவில் இருக்கிறான். என்னைக் கண்டதும், “தொரை இன்னிக்கு நல்ல கொணத்துல இல்லக்கா, இன்னொரு நாளைக்கு வாங்களேன்” என்றான். நான் நல்ல குணத்தில் வந்திருக்கிறேன் என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு முன்வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பிராம்லி துரை வந்தார். நீ பார்த்த துரைதான், கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கிறது. நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, அவருடைய அரைகுறைத் தோட்டத்துத் தமிழில், “ஒன் மக ரொம்ப அதிஷ்டம். மொதல் கிளாஸ் கப்பல்ல போனான். நான் வேலைக்கு வரும்போது ரெண்டாம் கிளாஸ்” என்றார். நான், “எம் மகளுக்குக் கிளாஸ் ஏதுங்க தொரை, ஒங்க பிள்ளை எங்க படுத்துச்சோ அதுக்குக் கீழ தரையில படுத்தா” என்றேன். அவருக்குச் சுருக்கென்றது போல, கார்த்திகை மாதம் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள், அதுவரை பொறுத்துக்கொள் என்று எழுந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. “அவுங்க ரெண்டு வருஷம் அங்கதான் இருக்கப்போறாங்களாமே, ஒங்களுக்குத் தெரியாதா தொரை?” என்றேன்.

மனுஷருக்குத் தெரியவில்லை, தனம். கட்டிய புருஷனுக்குச் சேதி ஆயாவின் அம்மா வாய்வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. தமிழில் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று மலாயில் திருப்பிக் கேட்டார், “பெத்துல்கா?” நானும் மலாயிலேயே, “பெத்துல், துவான்” என்றேன், மெய்தான் என்று. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுருட்டு கையிலேயே அணைந்துபோனது. முற்றத்தில் பேபியின் ஊஞ்சல் மழையில் நனைந்துகொண்டு தொங்கியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ பாவம் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். அப்புறம், “என் மகளைக் கூப்புட்டுக் குடுங்க தொரை, நான் போறேன்” என்றேன். தந்தி அடிக்கிறேன் என்று காகிதம் எடுத்தவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆயா பேரு என்ன?” என்றார். நாலு வருஷம் அவர் வீட்டுப் பிள்ளையை உன் இடுப்பில் சுமந்திருக்கிறாய். நான் உன் பெயரை முழுசாகச் சொன்னேன், எழுத்துக் கூட்டி எழுதினார்.

அதோடு விடவில்லை, சிக்கனம் பேச ஆரம்பித்தார். சிங்கப்பூருக்கு ஒரு துரைசானி கைக்குழந்தையோடு வருகிறாளாம், அவளுக்கு ஆயா வேண்டுமாம், அவளோடு முதல் வகுப்பிலேயே நீ வந்துவிடலாமாம், சௌகரியமாம். “மறுபடி ஒரு பிள்ளையத் தூக்கி எம் மக இடுப்புல வைக்கிறீங்களா? அவ பேர்ல தனியா ஒரு சீட்டு போடுங்க, மூணாம் கிளாஸ் போதும்” என்றேன். மூன்றாம் வகுப்பா என்று என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆமாம், அங்கேதான் கேட்காமல் பெட்டியைத் திறக்கிறவர்கள் இருக்கமாட்டார்கள் என்றேன். அவருக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். போன வாரம் வேலாயுதம் வந்து சொன்னான், தந்திக்குப் பதில் வந்துவிட்டதாம், துரைசானி எகிறிக் குதித்திருக்கிறாளாம், ஆனாலும் கார்த்திகை கடைசியில் உனக்குச் சீட்டு போட்டாகிவிட்டது, லண்டன் வந்து கப்பல் மாறி நேரே சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கலாம். துரை பெண்சாதியையும் வரச்சொல்லித்தான் தந்தி அடித்தாராம், அதற்கு மட்டும் பதில் இல்லையாம். அவரால் முடியாதது என்னால் முடிந்தது, அவ்வளவுதான் அவர்கள் பெரிய இடம்.

புறப்படுகிற வரை கவனமாக இரு. புடவையை ஒரு தரம் நேராக நின்று கேள், தந்தால் வாங்கிக்கொள், தராவிட்டால் விட்டுவிட்டு வா, அதற்காக ஒரு கப்பலைத் தவறவிடாதே. அது இல்லாவிட்டால் உன் புருஷன் இல்லை என்று ஆகிவிடாது. பேபி அழும், உனக்கும் தாங்காது, எனக்குத் தெரியும். அந்தப் பிஞ்சு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதற்கு இன்னும் வகுப்பு தெரியாது. தூங்கும்போது நழுவி வந்துவிடாதே, விழித்திருக்கும்போது மடியில் வைத்துச் சொல்லிவிட்டு வா. இங்கே வந்து என்ன செய்வது என்று இப்போதே மனசைக் குழப்பிக்கொள்ளாதே, தெருவில் யார் என்ன பேசினாலும் அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், துரைக்கே சொன்ன வாய் இது. கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொள். வழியில் ரொட்டி பிடிக்காவிட்டாலும் வயிற்றைக் காயப்போடாதே. உன் அப்பா துறைமுகத்துக்கு வர இப்போதே லீவு சொல்லி வைத்துவிட்டார், அவர் ஆசியும் வாசுவின் அன்பும் இதில் சேர்ந்திருக்கின்றன, எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும்.

ஒன்று மறக்காதே. இத்தனை கடல் தாண்டிப் போயிருக்கிறாய், கடல் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை, அறைக்குள் பிள்ளையோடு அடைந்து கிடந்தவளுக்கு எங்கே பார்க்க நேரம். திரும்பி வரும் கப்பலில் எவளாவது, கொஞ்சம் பிடித்துக்கொள் ஆயா என்று பிள்ளையை நீட்டினால் வாங்காதே. கையைக் கட்டிக்கொண்டு கம்பியோரமாக நின்று, ஆசை தீரக் கடலைப் பார்த்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பவுனம்மாள் நாகையா