ரெய்னோவின் அம்பு முனைகள்

வீட்டிலிருந்து,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

அன்புள்ள ரெய்னோவுக்கு லெம்பி எழுதுவது.

இங்கே நான் நலம். குளிர் வந்ததும் முட்டிவலியும் கூடவே வந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் முதுகுப் புண் ஆறிவருவதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை வாங்க மறுப்பதையும் தயங்கித் தயங்கி அவரே சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். கோபம் தணிந்த ஏதோ ஒரு நாளில் பிரித்துப் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஏரிப் பக்கமிருந்து முதல் பனி விழுந்துவிட்டது. விறகு அடுக்கியாயிற்று. உங்கள் அண்ணன் ஊர்ஹோ வந்து வாசல் படிமேல் உங்கள் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை போட்டு, கதவையும் அகலமாக்கிவிட்டுப் போனார். வேலை முடிந்து காபி குடிக்கும்போது, "இந்தக் கதவுல மாடே தாராளமா உள்ள வரும். என் தம்பி வரமாட்டேங்கறான்" என்றார். சொல்லிச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ரொட்டி எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

உங்கள் வில்லையும் அம்புகளையும் விற்றுவிடச் சொன்னீர்கள். கடையில் சீட்டு ஒட்டினேன். ஹான்காக் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். வில்லை இழுத்துப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. பிறகு அம்புக்கூட்டைத் திறந்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் தடவினார். "என்னம்மா இது, வெண்ணெய்கூட வெட்டாது போலிருக்கே. இத வச்சா உங்க வீட்டுக்காரர் மான் அடிச்சாரு?" என்றார்.

மான் வேட்டைக்கு மரத்தில் கட்டிய பரணிலிருந்து நீங்கள் விழுந்த அன்று அந்தக் கூடும் மழையில் நனைந்தது. பிறகு யார் அதைத் தொட்டார்கள்? துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்த ஆளுக்கு விளக்கம் சொல்ல எனக்கு மனமில்லை. "அடுத்த வாரம் வந்து தொட்டுப் பாருங்க. விரல் மிச்சமிருந்தா விலை பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. நீங்கள் தீட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்திருக்கிறேனே தவிர, அரத்தை நான் கையில் பிடித்ததே இல்லை. முதல் முனையைக் கெடுத்தேன். எவ்வளவு தேய்த்தும் மழுங்கலாகவே இருந்தது. பக்கத்து வீட்டு டுய்னே எட்டிப் பார்த்து, "ஏண்டி, ஸ்பூன் செய்யறியா?" என்றாள். நான் முறைத்ததும் உட்கார்ந்துகொண்டாள். அவள் வீட்டுக்காரர் செய்வாராம்: முனையின் சாய்வு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். பூசிப் பார்த்தேன். மேல் பக்கம் மட்டும் மை போயிருந்தது, விளிம்பில் அப்படியே இருந்தது. நான் தேய்த்ததெல்லாம் விளிம்பைத் தொடவே இல்லை! கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். அடுத்த இழுப்பில் மை முழுக்கப் போயிற்று.

அதன் பிறகு அந்தச் சாய்வை விடவில்லை. ஒரு பக்கம் தேய்த்தால் மறு பக்கம் மெல்லிய பிசிறு எழும்புகிறது, விரலில் தட்டுகிறது. அது வந்ததும் திருப்பிப் போட்டேன். பிறகு கை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அரத்துக்குப் பின் சாணைக்கல், கடைசியில் உங்கள் பழைய பெல்ட்டின் தோலில், கூர் பின்னால் வரும்படி இழுத்தேன். நீங்கள் செய்வது போல ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து முனையால் தொட்டேன். தொட்டதுதான் தெரியும், அறுந்துவிட்டது. டுய்னே கை தட்டினாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

ஊர்ஹோ தன்னிடமிருந்த மூன்று அலகு முனை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதை அரத்தின்மேல் படுக்க வைத்தால் இரண்டு அலகுகள் ஒன்றாகப் படிகின்றன. சாய்வைக் கை பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நடுங்குகிற கைக்கும் ஒத்துவரும் என்றார். உங்களுக்காகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஹான்காக் ஆள் சொன்னபடி வந்தார். தொட்டார். விரலை வாயில் வைத்துக்கொண்டு, "சரிம்மா, ஒத்துக்கறேன். என்ன வேணும் சொல்லுங்க" என்றார். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை என் பழைய வில்லை எடுத்துக்கொண்டு, நான் தீட்டிய முனையைப் பூட்டி, சதுப்பு ஓரம் போய் உட்கார்ந்தேன். பரண் ஏறவில்லை, தரையில்தான். நம் கல்யாணமான புதிதில் போனது, அதற்குப் பிறகு இப்போதுதான். சாயங்காலம் ஒரு பெண் மான் வந்தது. குட்டி இல்லாதது, நன்றாகப் பார்த்தேன். அம்பு விலாவில் போய் மறுபக்கம் வந்துவிட்டது. மான் துள்ளி, நாலைந்து தாவல் ஓடி, ஏதோ சத்தம் கேட்டது போல நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு கால் மடிந்து படுத்துவிட்டது. என்ன நடந்ததென்று அதற்குத் தெரிந்திருக்காது ரெய்னோ. முனை மழுங்கியிருந்தால் இரண்டு நாள் சதுப்பில் கிடந்து செத்திருக்கும். உயிர் போன பிறகும் அதன் தலைப்பக்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் உங்கள் கேள்வி மறுபடி காதில் கேட்டது. கடைசியாகப் போனில் பேசியபோது, "அடிபட்ட மானை நாம இப்படி விட்டுவைப்போமா லெம்பி? எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டீர்கள். பேசாமல் போனை வைத்துவிட்டேன். அதைக் கேட்டுப் பயந்து நான் கைகழுவிவிட்டதாக நினைத்திருப்பீர்கள். நீங்கள் கேட்டதை நர்ஸிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. அவர்கள் வந்து பேசினால் முகத்தைத் திருப்பாமல் பேசுங்கள்.

என் பதில் இது. மானுக்கு நான் அதைச் செய்தேன். உங்களுக்கு யாரும் அதைச் செய்ய விடமாட்டேன், நீங்களே ஆனாலும். எழுந்து நடந்தால்தான் வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? உப்பு சரியில்லை என்று திட்டிக்கொண்டு இந்த மேஜையில் என் எதிரே உட்கார்ந்திருக்க எனக்கு ஆள் வேண்டும். நீங்கள்தான் வேண்டும்.

வருகிற சனிக்கிழமை ஊர்ஹோவின் வண்டியில் நானும் வருகிறேன். அழைத்துப் போக இல்லை, டாக்டர் சொல்லும் வரை அங்கேயே இருங்கள். பார்க்கத்தான் வருகிறேன். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே விடாதே என்று மட்டும் வாசலில் சொல்லி வைக்காதீர்கள்.

அதுவரை ஆண்டவர் உங்களைத் தனியே விடாதிருக்கட்டும்.

உங்கள்
லெம்பி