எடுக்காமல் விட்ட ராணி

மார்ச் 4
இன்றும் ஜெயித்தேன். "மாமா, உங்ககூட ஆடவே பயமா இருக்கு" என்று மச்சினன் போனில் சொன்னான். முட்டியில் தகடு வைத்ததிலிருந்து உருப்படியாக நடப்பது இந்தச் செஸ் ஒன்றுதான். அவன் அவன் ஊரில், நான் என் கட்டிலில். பஸ் ஓட்டிய கை போனைத் தேய்க்கிறது.

மார்ச் 7
செயலியில் பாடங்களும் இருக்கின்றன. இன்று ஃபோர்க். குதிரையால் ராஜாவுக்குச் செக் வைக்க வேண்டும். அதே குதிரையின் பாய்ச்சலில் ராணியும் நிற்க வேண்டும். ராஜா நகர்ந்தே தீர வேண்டும், ராணி போச்சு. மாத்திரை கொண்டுவந்த மனைவிக்கு விளக்கினேன். நல்லா இருக்குங்க என்றாள், போனைப் பார்க்காமலே.

மார்ச் 8
பழைய ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தேன். போன வாரம் அவன் குதிரைக்கு என் ராஜாவும் ராணியும் வசமாக நின்றிருக்கின்றன. அவனோ ஓரத்துச் சிப்பாயை நகர்த்தியிருக்கிறான். அதற்கு முந்தைய ஆட்டத்திலும் இதே கதை. காலேஜில் கோப்பை வாங்கியவன்! யாருக்குக் காது குத்துகிறான்?

மார்ச் 9
வேண்டுமென்றே என் ராணியை அவன் சிப்பாயின் வாயில் வைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 10
மறுபடி வைத்தேன். எடுக்கவில்லை, ராஸ்கல்.

மார்ச் 11
போன் போட்டுக் கத்தினேன். நான் என்ன பிச்சைக்காரனா? இனி விட்டுக்கொடுத்தால் என் வாசல்படி மிதிக்காதே என்றேன். மாமா மனசு உடைந்துவிடக் கூடாது என்று அக்காதான் சொல்லிவைத்தாளாம். ஏன் உடையணும்? எலும்புதான் சேர்ந்துவிட்டதே? அதை அக்காகிட்டயே கேளுங்க மாமா என்று போனை வைத்துவிட்டான்.

அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாசம் வண்டி எடுத்துடுவீங்க என்று தினமும் சொல்கிறாளே — அவளும் சிப்பாயைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தாளா?

கோலை ஊன்றிச் சமையலறைக்குப் போய்க் கேட்டேன். அடுப்பை அணைத்தாள்.

"முட்டி முழுசா மடங்காதாம். இனிமே பஸ் ஓட்ட முடியாதுன்னு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. எப்படிங்க உங்ககிட்ட சொல்லுவேன்?"

எப்படியா? வாயாலதான்! எல்லாரும் சேர்ந்து என்னை ஜெயிக்க வச்சுக்கிட்டு இருந்தீங்களா? என் காலுடி அது. எனக்குத்தானே முதல்ல தெரியணும்? — இதையெல்லாம் அவளிடமும் கத்திவிட்டேன். நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

மார்ச் 12
பேச்சுவார்த்தை இல்லை. தண்ணீர் டம்ளரை ணங்கென்று வைக்கிறாள். வைக்கட்டும்.

மார்ச் 15
கோபம் தீரவில்லை. ஆனாலும் டிப்போவுக்குப் போன் செய்து, வண்டிகள் புறப்படும் நேரம் குறிக்கும் வேலை காலியிருக்கிறதா என்று நானே கேட்டேன். நாளைக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள். கூட வரட்டுமா என்றாள் மனைவி. வா என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் மச்சினனை ஓர் ஆட்டத்துக்கு அழைத்தேன். நடுவில், சத்தியமாகக் கவனிக்காமல்தான், ராஜாவையும் ராணியையும் அவன் குதிரைக்குத் தோதாக நிறுத்திவிட்டேன்.

எடுத்துவிட்டான், பாவி. யோசிக்கவே இல்லை.