அக்காவின் நோயாளியும் மேல்தட்டு பர்பனும்

மார்ச் 3, ஞாயிறு

ஆறு மணிக்கு அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஞாயிறு என்றால் இரண்டு பாட்டில், ஆளுக்கு ஒரு வாய் அளவு, அதற்குமேல் கிடையாது. கல்யாணம் முறிந்து அவள் மாடிக்குக் குடிவந்ததிலிருந்து இப்படித்தான்.

இன்று இரண்டும் ரை விஸ்கி. முதல் கிளாஸை முகர்ந்ததுமே, "பல் டாக்டர் ரூமுக்குள்ள போன மாதிரி இருக்குடா" என்றாள். கிராம்பு எண்ணெய். சரியாகத்தான் சொன்னாள். பர்பன் விஸ்கி மக்காச்சோளத்தில் வடிப்பது, நாக்கில் இனிப்பாக உட்காரும். ரை தானியத்துக்குக் காரம் அதிகம், உட்கார விடாது. இரண்டாவதில் சொட்டுத் தண்ணீர் விட்டேன், புதினா வாசனை எழுந்தது.

கிளாஸைக் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "என் பேஷண்ட் ஒருத்தர் இருக்கார். தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு வந்தவர். ரை பத்தி நிறைய தெரியும் அவருக்கு. அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா?"

அவள் பிசியோதெரபிஸ்ட். நாளெல்லாம் அடுத்தவர் தோளையும் முட்டியையும் திருகுகிறவள். இத்தனை வருடத்தில் எந்த நோயாளியையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. கையைத் திருகும்போது ரை விஸ்கி பற்றிப் பேச்சு எப்படி வரும்?

வரச் சொல் என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 5, செவ்வாய்

சுவரில் ஏறிய வேன் ஒன்று. ஓட்டுநர்: "நாய் குறுக்க வந்துடுச்சு சார்." இந்த ஊரில் எல்லா விபத்துக்கும் நாய்தான் காரணம். காப்பீட்டு சர்வேயராக நான் பார்த்த நாய்களைச் சேர்த்தால் ஒரு படையே அமைக்கலாம். பம்பரைப் பார்த்தேன். வேன் பின்பக்கமாக மோதியிருக்கிறது. நாய் பின்னாலிருந்தா குறுக்கே வந்தது?

மார்ச் 10, ஞாயிறு

வந்தார். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் சீனியர் மெக்கானிக்காம். ஐம்பத்தைந்து இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஒரு ரை பாட்டில், சீல் உடைக்காதது. என் விஸ்கி அலமாரியை அண்ணாந்து பார்த்து, "மியூசியம் மாதிரி வெச்சிருக்கீங்க சார்" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் நெருடல்.

மூன்று பாட்டில் சுவைத்தோம். எதைக் கொடுத்தாலும் முகர்வார், ஒரு வாய் குடிப்பார், "நல்லா இருக்கு" என்பார். அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவன் எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்பானா?

அதைவிட முக்கியம்: நான் ஸ்டூல் தேடிக்கொண்டிருக்கும்போது மேல்தட்டுப் பாட்டிலை அவரே எட்டி எடுத்தார். வலது கையால். முகம் சுளிக்கவில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்ட ஆள்!

அவர் போனபிறகு கேட்டேன்.

"ட்ரீட்மெண்ட் முடிஞ்சு அஞ்சு மாசமாச்சுடா" என்றாள் அக்கா.

அப்படியானால் இந்த ஐந்து மாதமும்?

மார்ச் 11, திங்கள்

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமா? தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மறுபடி வந்தார். அக்கா புதுக் காதணி போட்டிருந்தாள்.

கிளாஸ்களுக்கு அடியில் சீட்டு ஒட்டி, எது பர்பன் எது ரை என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க முதல்ல சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்க்கிறவன் இப்படித்தான் பேசுவான்.

ஊற்றினது நானே என்பதால் நான் சொன்னது சரியாகத்தானே இருக்கும். அது அவருக்கும் தெரியும். இல்லையா?

இந்த ஆளுக்கு விஸ்கி தெரியாது. அப்புறம் எதற்கு வருகிறார்?

எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுத விருப்பமில்லை.

மார்ச் 23, சனி

செய்துவிட்டேன்.

மேல்தட்டில் ஒரு பதினைந்து வருட பர்பன் வைத்திருந்தேன். இத்தனை நாளும் திறக்க மனம் வராத பாட்டில். அக்கா கிளினிக்கில் இருந்த நேரம், சீலைக் கிழியாமல் உரித்து, உள்ளே இருந்ததை ஒரு ஜாடிக்கு மாற்றினேன். பாட்டிலில் சூப்பர் மார்க்கெட் விஸ்கியை ஊற்றினேன். ஆபீஸ் விருந்தில் யாரோ விட்டுப்போனது, நிறம்கூட வெறும் கேரமல். புனல் சமையலறை புனல்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. சீலைப் பசை வைத்துப் பழையபடி ஒட்டினேன்.

நாளைக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 24, ஞாயிறு

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

பாட்டிலைத் திறக்கும் முன் அதன் அருமை பெருமையெல்லாம் சொன்னேன். உள்பக்கம் கருக்கின புது ஓக் மரப் பீப்பாய், அதற்குள் பதினைந்து கோடைகள், இதைக் கைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு. அவர் கண் கொட்டாமல் கேட்டார். குடித்தார். கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அருமை சார்" என்றார்.

அருமையாம்! கார் கண்ணாடி துடைக்கவும் லாயக்கில்லாத சரக்கு!

அக்காதான் மூக்கைச் சுருக்கினாள். "என்னடா, ஒரு மாதிரி இருக்கு?" அவர் முந்திக்கொண்டார். "வெளிய மழை ஈரமில்லையாங்க, மூக்கு அப்படித்தான் இருக்கும்." எவ்வளவு வேகமாகச் சமாளிக்கிறார் பாருங்கள். வேன் ஓட்டுநரின் நாய் மாதிரி எங்கிருந்தோ மழையைக் கொண்டுவந்துவிட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

விசித்திரம். இன்று அவர் கொண்டுவந்தது அதே பதினைந்து வருட பர்பன். அச்சு அசலாக அதே பாட்டில். "தெரிஞ்சவர் ஒருத்தர் ஏர்போர்ட்ல வாங்கிட்டு வந்தார். உங்க அலமாரில இருக்கட்டும் சார். இன்னிக்கு இதைத் திறப்போமா?"

என்னிடம் இருப்பது தெரிந்தும் ஏன் அதையே? யார் அந்தத் தெரிந்தவர்? பூதக்கண்ணாடி வைத்துச் சீலைப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது. திறந்தோம். அசல்தான், ஜாடியில் ஒளித்து வைத்திருப்பதன் வாசனையே. வெனிலா, பழைய தோல், கடைசியில் ஒரு துளி உப்பு. அவர் குடிக்கவே இல்லை, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு சார்? வித்தியாசம் தெரியுதா?"

என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "சும்மா கேட்டேன்" என்றார்.

இதில் என்னவோ இருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

சொல்லியிருக்கக் கூடாது. இல்லை, சொல்லித்தான் ஆகவேண்டும். தெரியவில்லை.

மாடிக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, நான் பாட்டிலை மாற்றி வைத்துச் சோதித்துவிட்டேன், அருமை என்று சொல்லி மாட்டிக்கொண்டான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் கையிலிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்தாள்.

"நீயா மாத்தின?"

"ஆமா."

"அவர் அன்னிக்குக் கிளம்பும்போது வாசல்லயே என்கிட்ட சொல்லிட்டார்டா. முதல் வாயிலயே தெரிஞ்சிருக்கு. எவனோ கடைக்காரன் உங்க தம்பிய நல்லா ஏமாத்திட்டான், பாவம், பொக்கிஷம் மாதிரி வெச்சிருக்கார், எப்படி சொல்றதுன்னு தெரியலன்னார். நீ ஒரு தடவையாவது அசலைக் குடிக்கணும்னு அலைஞ்சு திரிஞ்சு அந்தப் பாட்டிலை வாங்கிட்டு வந்தார். ஏர்போர்ட்டுமில்ல, ஒண்ணுமில்ல."

மடியில் இருந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தாள்.

"அவர் கடைக்காரனைத்தான்டா சந்தேகப்பட்டார். உன்னை இல்ல."

அப்புறம் மெதுவாக, "உனக்கு அவரைப் பிடிச்சிருச்சுன்னா சொல்லலாம்னு இருந்தேன். பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேசிட்டு இருக்கோம். கதவைச் சாத்திட்டுப் போ."

ஏப்ரல் 4, வியாழன்

அக்கா முகம் கொடுக்கவில்லை. காலையில் பால் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்படியும் தோன்றுகிறது: அவரைக் காப்பாற்ற அவளே கட்டிச் சொன்ன கதையோ? முதல் வாயிலேயே தெரிந்திருந்தால் முகத்தில் துளியாவது காட்டியிருக்க மாட்டாரா? பதினெட்டு வருடம் பொய் பார்த்தவன் நான். என் கண்ணுக்குத் தப்புமா?

சீ. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

கம்பெனியில் விசாரித்து அவரைத் தேடிப் போனேன். ஒரு பதினொரு மாடிக் கட்டடம், லிஃப்ட் வேலை செய்யவில்லை. செய்யாததால்தானே அவர் அங்கே இருக்கிறார்! மொட்டை மாடி மோட்டார் அறைவரை படியேறினேன். அவர் கிரீஸ் கையோடு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைத் தள்ளி என்னை உட்காரச் சொன்னார்.

மூச்சு அடங்கினதும் கேட்டேன். அந்த விஸ்கியில் என்ன இருந்தது?

"ஸ்பிரிட், எசன்ஸ், கலர். முழுங்கினப்புறம் தொண்டைல ஒண்ணும் நிக்கல சார். பதினைஞ்சு வருஷம் மரத்துக்குள்ள இருந்தது நின்னு பேசும்."

அக்கா இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

"ஏன் சொல்லல?"

"நீங்க அதைப் பத்தி எவ்ளோ நேரம் பேசினீங்க... கண்ணெல்லாம் மின்னுச்சு. அதுக்கப்புறம் எப்படி சார் சொல்றது?"

மாற்றினது நான்தான் என்றேன். அக்கா அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப நான் பாஸா, ஃபெயிலா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் அடங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணு சார். அடுத்த தடவை எதுனாலும் நேராவே கேளுங்க. நீங்க சுத்தி வளைச்சதுல வருத்தப்பட்டது நானில்ல, அவங்க."

நேராகக் கேட்டேன். "அக்காவைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"அவங்களை யாரு சார் கூட்டிட்டுப் போக முடியும்? அவங்களா வருவாங்க. என் வீடு ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கு."

இறங்கும்போது லிஃப்ட் ஓடியது. அவரே பொத்தானை அமுக்கி அனுப்பினார். ஆறாவது மாடியில் ஒரு குலுக்கல். அது வேண்டுமென்றே இல்லை என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அக்கா இறங்கி வரவில்லை. தனியாக ஊற்றிக்கொண்டேன். பர்பன், ரை, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

மாடிப்படியில் வழிமறித்து மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு? என்னையும் சேர்த்து சோதிச்சேல்ல, அதுக்கா?" என்றாள். அதற்கும்தான் என்றேன். "யோசிக்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பரவாயில்லை. பேசினாளே.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டு பேரும் வந்தார்கள். "இன்னிக்கு நான் ஊத்தறேன். நீங்க ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க" என்றாள் அக்கா.

எனக்கு மூன்று கிளாஸ், அவருக்கும் மூன்று. என்ன ஊற்றியிருப்பாளோ? ஆறின டீயோ? ஆனாலும் விடுவேனா? முதலாவதில் வெனிலா என்றேன். இரண்டாவது நிச்சயம் ரை, மிளகு இருக்கிறது. மூன்றாவது வயதான சரக்கு. அவரும் பொறுமையாக முகர்ந்து, "எனக்கு மூணாவதுதான் பிடிச்சிருக்குங்க" என்றார்.

"மூணும் ஒரே பாட்டில்" என்றாள் அக்கா. மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தாள். அந்த சூப்பர் மார்க்கெட் விஸ்கி, மிச்சம் இருந்தது.

சிரித்த சிரிப்பில் அவளுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நாளாக அந்தச் சத்தம் இல்லாமல்தான் வீடு அப்படி வெறிச்சென்று இருந்திருக்கிறது.

அவர் தலையில் கைவைத்து, "நல்லா ஏமாந்துட்டோம் சார்" என்றார். ஏமாந்துட்டோம். அவருடைய நாக்குக்கு இது தெரியாமலா போயிருக்கும்? என்னைத் தனியாக விடக்கூடாது என்று கூடவே ஏமாந்தாரா? அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேட்கவில்லை. இதை மட்டும் நேராகக் கேட்கப் போவதில்லை.

மே 13, திங்கள்

பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்து நான். அக்கா நீலப் புடவை. அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டார், எனக்குத் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமானது.

மே 26, ஞாயிறு

மாடியை வாடகைக்கு விட புரோக்கர் வந்தார். அறைகளைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். சுவரில் அக்கா காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பூச்சு அடிக்கச் சொன்னார்.

"டீசண்டான ஃபேமிலியா பாத்து தரேன் சார். தண்ணி அடிக்கறவங்க வேண்டாம்னு போட்டுடவா? எல்லா ஓனரும் அதைத்தான் மொதல்ல சொல்வாங்க."

"அதை மட்டும் போடாதீங்க" என்றேன்.

பேனாவை நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கதவு வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "வீட்ல வேற யாரு சார் இருக்காங்க?"

யாருமில்லை என்றேன். ஆறு மணிக்கு இரண்டு தெரு தள்ளிப் போகவேண்டும், கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள் என்றேன். அவர் முகத்தில் சந்தேகம் இன்னும் கூடியது.

இருக்கட்டும்.